அகரவரிசையில் ஜீப் போகாது

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். திரையில் முதலில் கண்ணில் பட்டது சிவப்புக் கரையிட்ட ஒரு பெட்டி. ‘இந்தப் பக்கம் நீக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. ஏழு நாட்களுக்குள் சீரமைக்கப்படாவிட்டால் நீக்கப்படும்.’ பெட்டியில் முந்தைய நாளான திங்கட்கிழமையின் தேதி இருந்தது. அதற்குக் கீழே ஒரே பத்தி, ஏறத்தாழ எழுநூறு சொற்கள். நடுவில் இரண்டு இடங்களில் மட்டும் எழுத்து புள்ளிக்கோட்டுக் கட்டத்துக்குள் சிக்கி, திரையின் வலது ஓரத்தைத் தாண்டி ஓடியிருந்தது. பக்கத்தின் தலைப்பு ஓர் ஊரின் பெயர். அந்த ஊர் பச்சைமலையின் மேல் இருக்கிறது என்பது ஐந்தாவது வாக்கியத்தில்தான் தெரிந்தது.

விக்கி என்பது யார் வேண்டுமானாலும் எழுதவும் திருத்தவும் கூடிய இணையப் பக்கங்களின் தொகுப்பு. இது எங்கள் மாவட்டத்து ஊர்களுக்காகத் தன்னார்வலர்கள் சிலர் நடத்துவது. ஊருக்கு ஒரு பக்கம். நான் முப்பத்தொரு ஆண்டுகள் திருச்சியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவள். நிருபர்கள் அனுப்புவதைச் சுருக்கி, திருத்தி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் இடம் பார்த்துப் பொருத்துவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டில், காலைக் காபிக்கும் பூக்காரம்மா வாசலில் குரல் கொடுப்பதற்கும் இடையிலான ஒரு மணி நேரம் இந்த விக்கிக்கு என்று ஆகிவிட்டது. புதிய தகவல் எதையும் நான் சேர்ப்பதில்லை. அதற்கு ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். பத்தி பிரிப்பேன், துணைத் தலைப்பு போடுவேன், பட்டியல் அமைப்பேன்.

‘தொகு’ என்ற பொத்தானை அழுத்தினேன். எழுதும் பெட்டி திறந்ததும் வேறு ஒரு பக்கம் தெரிந்தது. அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு வரிக்கு ஒரு செய்தி. எழுதியவர் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒருமுறை என்டர் தட்டியிருந்தார். விக்கிக்கு ஒரு என்டர் போதாது; இரண்டு தட்டி நடுவில் ஒரு வெற்று வரி விட்டால்தான் அது பத்தி என்று எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் எல்லா வரிகளையும் ஒன்றாகக் கொட்டிவிடும். இரண்டு இடங்களில் அவர், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி, பத்தித் தொடக்கத்தில் சிறிது இடம் விட்டிருந்தார். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விழுந்தால் விக்கி அதைக் கட்டத்துக்குள் போட்டுவிடும். புள்ளிக்கோட்டுக் கட்டங்கள் அப்படி வந்தவை.

நாற்பது நிமிடம் ஆயிற்று. முதலில் ஊரின் இருப்பிடத்தைச் சொல்லும் இரண்டு வாக்கியங்களில் ஓர் அறிமுகம். இருபுறமும் சம அடையாளம் இரண்டிரண்டாகப் போட்டு நான்கு துணைத் தலைப்புகள்: அமைவிடம், குக்கிராமங்கள், வேளாண்மை, போக்குவரத்து. சாமையும் மரவள்ளியும் வேளாண்மையின் கீழ் போயின. குக்கிராமங்களின் பெயர்கள் பதினொன்று இருந்தன. அவை எந்த ஒழுங்கும் இல்லாமல் கிடப்பதாக எனக்குப் பட்டது. நட்சத்திரக் குறி வைத்து அகரவரிசையில் அடுக்கினேன். கடைசி ஒன்பது வரிகளில் பாதி சாய்ந்த ஒரு புளியமரம், ஒரு பாறை, ஒன்றும் செய்யாத இரண்டு நாய்கள் ஆகியவை வந்தன. அவற்றை எடுத்துவிட்டேன். செய்தி மேசையில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும், வால் போனால் உயிர் போகாது என்பது அங்கே முதல் நாளே கையில் ஏறிவிடும் பழக்கம்.

சேமித்தேன். மறுநாள் புதன்கிழமை, விக்கியின் நிர்வாகி வந்து பார்த்து, சிவப்புப் பெட்டியை எடுத்துவிட்டார். இவரும் தன்னார்வலர்தான், நான் அவரை நேரில் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்குத் திறந்தபோது பக்கம் பழையபடி ஒரே பத்தியாகக் கிடந்தது. சிவப்புப் பெட்டியும் திரும்பியிருந்தது. யாரோ என் திருத்தம் முழுவதையும் மீளமைத்து, பழைய வடிவத்தைப் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டார்கள். ‘வரலாறு’ பகுதியில், மாற்றத்துக்கான காரணம் எழுதும் இடத்தில் இரண்டு சொற்கள்: ‘வரிசை தப்பு.’

நான் என் வடிவத்தைத் திரும்பப் போட்டேன். மதியம் பார்த்தபோது அது போயிருந்தது. காரணம்: ‘வரிசை தப்பு. தயவுசெய்து மாத்தாதீங்க.’

“யாரு கூட சண்டை?” என்றார் என் கணவர். செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு நான் தட்டச்சு செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சண்டை இல்ல. திருத்தம்.”

“ரிட்டயர் ஆனப்புறமும் நீ வெட்ட, அவங்க ஒட்ட. பேசாம ஆபீஸ்லயே இருந்திருக்கலாம். ஏசியாவது இருந்திருக்கும்.”

வெள்ளிக்கிழமை நிர்வாகியிடமிருந்து பக்கத்தின் உரையாடல் பகுதியில் ஒரு குறிப்பு வந்தது. இருவரும் மாற்றி மாற்றித் திருத்துவதால், திங்கள் காலை பக்கம் எந்த நிலையில் இருக்கிறதோ அதை வைத்து முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதன் கீழே நான் நான்கு விதிகளை எண் போட்டு எழுதினேன். பட்டியல் ஏன் அகரவரிசையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வாக்கியம் கூடுதலாகவே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ‘சார், எனக்கு இந்தப் பக்கம் அழியக் கூடாது. ஆனா நீங்க போட்ட மாதிரி இருந்தா அது இருந்தும் பிரயோஜனம் இல்ல. நான் ஸ்ரீரங்கத்துலதான் இ-சேவை மையத்துல வேலை பாக்குறேன். ஸ்டேஷன் போற ரோடு. நேர்ல வந்தா காட்டுறேன்.’

கணவர் அதைப் படித்துவிட்டு, “சார், காபி ஆறுது,” என்றார்.

சனிக்கிழமை காலை பத்தரைக்குப் போனேன். ஷட்டர் அளவுக்கு ஒரு கடை. ஒரு பிரிண்டர், இரண்டு கணினி, சுவரில் என்னென்ன சான்றிதழுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பட்டியல். கணினிக்குப் பின்னால் முப்பது வயதை ஒட்டிய ஒரு பெண். தலையை நிமிர்த்தாமலே, “டோக்கன் எடுத்துக்குங்க,” என்றார்.

“நான் விக்கிக்கு வந்தேன்.”

நிமிர்ந்து பார்த்தார். “ஐயோ, மேடமா? நான் சார்னு எழுதிட்டேனே. சட்டம் பேசுற மாதிரி எழுதியிருந்தீங்க, அதான்.” ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். “உக்காருங்க மேடம். ரெண்டு டோக்கன் இருக்கு, முடிச்சிடறேன்.”

இரண்டு டோக்கன்களில் ஒன்று வருமானச் சான்றிதழ், இன்னொன்று முகவரி மாற்றம். அவர் விரல்கள் பார்க்காமலே தட்டின. முகவரியைப் படிக்கச் சொல்லி, கதவு எண்ணை இரண்டு முறை கேட்டார். அதை முடித்துவிட்டு என் பக்கம் திரையைத் திருப்பினார்.

“நீங்க ஊர்ப் பேரெல்லாம் அகரவரிசைல போட்டீங்க. அகரவரிசைல ஜீப் போகாது மேடம்.”

எனக்கு உடனே புரியவில்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கீழிருந்து மேலாக ஒரு கோடு போட்டார். அடிவாரத்து வனத்துறைச் சோதனைச் சாவடி, கொண்டை ஊசி வளைவுகள், முதல் ஊர், இரண்டாவது ஊர். அவர் பக்கத்தில் எழுதியிருந்த பதினொரு பெயர்களும் அதே வரிசையில் கோட்டின் மேல் ஏறின. ஒழுங்கில்லாமல் கிடப்பதாக நான் நினைத்தது மலை ஏறும்போது ஊர்கள் வரும் ஒழுங்கு. கடைசி ஊர் அவருடையது, பக்கத்தின் தலைப்பில் இருப்பது. நான் வெட்டிய ஒன்பது வரிகள், பத்தாவது ஊருக்குப் பிறகு சாலை இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து அவர் வீட்டு வாசல்வரை.

“யாருக்காக இது?” என்று கேட்டேன்.

“என் தங்கச்சி மேல இருக்கா. எட்டாவது மாசம். மலைக்குக் கீழ, துறையூர்ப் பக்கம் எங்க ஊர்ப் பேர்லயே இன்னொரு ஊர் இருக்கு மேடம். மேப்புல தேடுனா அதுதான் வரும். போன தடவை ஆம்புலன்ஸ் அங்க போயிருச்சு. அங்கேருந்து திரும்பி மேல வந்து, பிரிவுல பெரிய ரோட்டுல போயி, அந்த ரோடு முடியிற வரைக்கும் போயி, திரும்பி வந்தாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. வழி கேக்க மேல சிக்னல் கிடையாது.”

“அப்புறம்?”

பிரிண்டரிலிருந்து வந்த தாளை எடுத்து, முத்திரை குத்தி, கவரில் போட்டு எதிரில் நின்றவரிடம் கொடுத்தார். “தங்கச்சி பொழைச்சுட்டா,” என்றார்.

வழியை ஓட்டுநருக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். நிருபரிடம் கேட்பதுபோல் கேட்டேன். கேட்காமல் விட்டால் கேள்வி அப்படியே நிற்கும்.

“எந்த டிரைவருக்கு மேடம்? இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு ஒருத்தர். மெசேஜ் ஒருத்தர் போன்லதான் கிடக்கும். பக்கம்னா பேரைத் தேடுற யாருக்கும் வரும். அடிவாரத்துல செக்போஸ்ட் வரைக்கும் சிக்னல் இருக்கு. அங்க திறந்தா போதும். எழுத்து மட்டும்னா டக்குனு வந்துரும், மேப்பு வராது.” பிறகு, “திங்கக்கெழமை அழிச்சிருவாங்களா?” என்றார்.

“அழிக்க மாட்டாங்க,” என்றேன். அதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அன்று பிற்பகல் வீட்டில் உட்கார்ந்து ஓர் அட்டவணை தயாரித்தேன். விக்கியில் அட்டவணை போடுவது சலிப்பான வேலை. சுருள் அடைப்புக்குறி, நெடுக்குக் கோடு, வரிசைக்கு ஒரு கோடும் சிறுகோடும். ஒன்று விட்டுப்போனாலும் எல்லாம் சரியும். நான்கு நிரல்: வரிசை எண், ஊர், முந்தைய ஊரிலிருந்து தூரம், அடையாளம். தூரம் நிரல் முழுக்க வெற்றாக இருந்தது; அப்படியே சேமித்தேன். அவர் எழுதியிருந்ததில் தூரமே இல்லை. ‘கொஞ்ச தூரம்’ என்பது மூன்று இடத்திலும் ‘கொஞ்சம் அதிக தூரம்’ என்பது ஓர் இடத்திலும் இருந்தது.

பார்க்காததை எப்படிப் போடுவது? தொலைபேசியில் அழைத்தேன். “நாளைக்கு நீங்க ஊருக்குப் போறீங்களா?”

“ஞாயித்துக்கெழமை லீவுதான் மேடம். ஏன்?”

“நானும் வரேன். கிலோமீட்டர் எடுக்கணும்.”

ஞாயிறு காலை ஐந்து ஐம்பதுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினோம். துறையூரில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, உப்பிலியபுரம் வழியாக அடிவாரம். அங்கே அவருடைய தாய்மாமன் ஜீப்போடு நின்றார். ஐம்பது வயது, காதில் துண்டுப் பீடி.

“இந்தம்மாதான் பேப்பர்க்காரம்மாவா? எழுதுறதுக்கு எதுக்குப் புள்ள மலை ஏறணும்? பேப்பர்ல எழுதறவங்க எல்லாம் உக்காந்த எடத்துலயே எழுதுறாங்கன்னு சொன்னாங்க.”

“அதனாலதான் மாமா தப்பா எழுதுறாங்க,” என்றார் அவர்.

நான் சிரிக்கவில்லை. சோதனைச் சாவடியில் ஜீப் நின்றது. மாமனிடம் அவருடைய கைபேசியில் அட்டவணையைத் திறக்கச் சொன்னேன். முந்தைய நாள் என் கணினியில் அழகாக இருந்தது. அவர் கைபேசியில் வரிசை எண்ணும் ஊர்ப் பெயரும் மட்டும் தெரிந்தன. தூரம் பாதி. அடையாளம் என்ற நிரல் திரைக்கு வெளியே.

“இதுல எங்கம்மா வழி இருக்கு?”

“வலது பக்கம் தள்ளுங்க.”

தள்ளினார். அடையாளம் வந்தது, ஊர்ப் பெயர் போயிற்று. திரும்பத் தள்ளினார். ஊர்ப் பெயர் வந்தது, அடையாளம் போயிற்று. “ஒரு கையில ஸ்டியரிங்கு, ஒரு கையில இதைத் தள்ளிக்கிட்டே இருந்தா ரெண்டாவது வளைவுலயே வழி முடிஞ்சிரும்,” என்றார். அட்டவணை அங்கேயே முடிந்தது.

மேலே போகப் போக நான் ஜீப்பின் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்தேன். மீட்டரில் கடைசி இலக்கம் ஓடவில்லை. ஆகவே நூறு மீட்டர் கணக்கைக் கண்ணால்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் அடையாளத்தைச் சொல்வார், நான் பார்த்தபின் எழுதுவேன். இரண்டாவது ஊரில் தண்ணீர்த் தொட்டி வலது பக்கம்: சரி. ஐந்தாவதில் பள்ளிக்கூடம்: சரி. எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில் சிறு பாலம்: சரி. பத்தாவது ஊரைத் தாண்டி ஆறு நிமிடம் போனதும் மாமன் ஜீப்பை நிறுத்தினார். சாலை இரண்டாகப் பிரிந்தது. தார் போட்ட அகலமான ஒன்று வலப்பக்கம், மண்ணும் கல்லுமாக ஒன்று இடப்பக்கம்.

அந்தப் பெண் இறங்கி நின்றார். “மரம் எங்க மாமா?”

“எந்த மரம்?”

“சாஞ்ச புளியமரம்.”

“அது போயி எத்தனையோ மாசம் ஆச்சு. ரோட்டை அகலப்படுத்துறப்ப எடுத்துட்டாங்க. நீ எங்க இந்தப் பக்கம் வர்ற? பஸ்ஸு விட்டு எறங்குனா ஒத்தையடிப் பாதையில குறுக்கால ஏறி வீட்டுக்கு வந்துர்ற.”

தரையோடு தரையாக ஓர் அடிக்கட்டை இருந்தது. மேலே செடி மூடியிருந்தது. தெரியாதவர் கண்ணுக்கு அது தட்டுப்படாது. அவர் அதைக் காலால் தொட்டுப் பார்த்தார்.  என் ஒன்பது வரி வெட்டைப் பற்றி அவர் சொன்னது அனைத்தும் எனக்கு நினைவிருந்தது. நோட்டில் ‘மரம் இல்லை’ என்று மட்டும் எழுதினேன்.

இடப்பக்கச் சாலை தொடங்கும் இடத்தில் ஒரு மின்கம்பம் நின்றது. வெள்ளைப் பெயின்ட்டில் எண் 47. அதை எழுதிக்கொண்டேன். கம்பத்தை அவ்வளவு சுலபத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் வேறொரு கம்பம் நடுவார்கள்.

கம்பத்திலிருந்து ஒரு பாறை, பாறையிலிருந்து வீடு. இந்தக் கடைசித் தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஜீப் இல்லாமல் நடந்தே அளந்தேன். பாறைக்குப் பிறகு அறுநூற்றுச் சொச்சம் காலடி எண்ணும்போது ஓர் இறக்கத்தில் கணக்கு தப்பியது. மறுபடி எண்ண மூச்சு வரவில்லை. நானூறு மீட்டர் என்று போட்டேன்.

வீட்டு வாசலில் இரண்டு நாய்கள் குரைத்தன. தங்கை வாசற்படியில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழப்போனவரை அக்கா அதட்டி உட்கார வைத்தார்.

“நெட்டுல போடுறாங்களாமே. என் பேரு வருமா அதுல?” என்று கேட்டார் தங்கை.

“வராதும்மா. ஆள் பேர் போடக் கூடாதுன்னு விதி.”

“அப்ப மாமா பேரு?”

“அதுவும் வராது.”

“நாய் வருமா?”

“நாய எடுத்துட்டாங்க,” என்றார் அக்கா.

“ஏங்க? அதுங்க என்ன பண்ணுச்சு?”

திரும்பும் பேருந்தில் அதே பேச்சுத் தொடர்ந்தது. துறையூரிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, நோட்டில் பக்கத்தின் புதிய வடிவத்தை எழுதினேன். முதல் வரி: இது பச்சைமலையின் மேல் உள்ள ஊர், துறையூர் அருகே இதே பெயரில் உள்ள ஊர் வேறு. இதை எல்லாவற்றுக்கும் மேலே, அறிமுகத்துக்கும் முன்னால் வைத்தேன். அவர் ஒப்புக்கொண்டார். அடுத்து வழி. அமைவிடமும் வேளாண்மையும் அதற்குக் கீழே. அட்டவணை கிடையாது. நட்சத்திரக் குறிக்குப் பதில், வரித் தொடக்கத்தில் எண் கொடுக்கும் குறி. வரிக்கு ஓர் இடம்: எண், ஊர், தூரம், அடையாளம். கைபேசியில் இரண்டு வரிக்கு மேல் மடங்கக் கூடாது என்பதால் பதினாறு சொல்லுக்கு மேல் எந்த வரியும் போகவில்லை. பிரிவு வரும் வரியில் ‘மின்கம்பம் 47, இடது’ என்பதை மட்டும் தடித்த எழுத்தாக்கினேன். ஒரு பக்கத்தில் தடித்த எழுத்து ஓர் இடத்தில் இருந்தால்தான் கண் அங்கே நிற்கும்.

“நாய்?” என்றார் அவர்.

“அது தகவல் இல்லையே.”

“மேடம், மூணு வீடு ஒரே மாதிரி இருக்கும். ரெண்டு நாய் குரைக்கிற வீடுதான் எங்க வீடு. நாயைப் போடலேன்னா டிரைவரு நாய்க்குப் பயந்து அடுத்த வீட்டுல போயி நிப்பாரு. போட்டா, அதைப் பாத்ததும் சரியான எடம்னு நிறுத்துவாரு.”

எழுதினேன்: ‘இரண்டு நாய்கள் உள்ள வீடு, கடிக்காது.’

“சத்தியமா கடிக்காதா?”

“இதுவரைக்கும் கடிக்கல.”

‘கடிக்காது’ என்பதை அடித்துவிட்டு ‘இதுவரை கடித்ததில்லை’ என்று மாற்றினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க பேப்பர்லயும் இப்படித்தானா?” என்றார்.

நோட்டில் முழுவதும் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது ஒன்று கவனத்துக்கு வந்தது. முதல் நாள் காலை எழுதும் பெட்டியைத் திறந்ததும் நான் பார்த்த வடிவத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வரிக்கு ஒரு செய்தி, ஏறும் வரிசையில். தூரமும் எண்ணும் புதிது. மரம் போய்க் கம்பம் வந்திருந்தது. அவரிடம் அதைச் சொன்னேன்.

“அப்ப நான் ஒரு என்டர் கூடத் தட்டியிருந்தா போதுமா?”

“பாதி போதும். இல்லாத மரம் அதுல இருந்திருக்கும்.”

அவர் நோட்டை வாங்கி, பிரிவு வரும் வரியைப் படித்தார்.  பிறகு, “கம்பத்தை நான் கவனிச்சதே இல்ல மேடம்,” என்றார்.

மாலை ஏழு நாற்பதுக்கு வீட்டிலிருந்து பக்கத்தைச் சேமித்தேன். அதற்கு முன் ‘முன்தோற்றம்’ பார்த்து, என் கைபேசியிலும் கணவரின் கைபேசியிலும் திறந்து சோதித்தேன். கணவருடையது மிகச் சிறிய திரை. மூன்று முறை விரலால் தள்ளினால் சாவடியிலிருந்து வீட்டு வாசல்வரை வந்துவிட முடிந்தது.

“ஆறாவது ஊருக்குப் போறதுக்குள்ள எனக்கே தலை சுத்துது,” என்றார் கணவர். “வளைவு எத்தனைன்னு போட்டியா?”

போடவில்லை. எட்டு என்று சேர்த்தேன்.

திங்கள் காலை ஆறு மணிக்கே திறந்து உட்கார்ந்தேன். ஒன்பது ஐந்துக்கு நிர்வாகி வந்தார். ‘வழி’ என்ற துணைத் தலைப்பை அவர் ஏற்கவில்லை. இது பயணக் கையேடு அல்ல என்று காரணம் எழுதி, ‘குக்கிராமங்கள் (சாலையில் வரும் வரிசைப்படி)’ என்று மாற்றினார். பட்டியலை அப்படியே விட்டார். கடைசி வரிக்கு எதிரே உரையாடல் பகுதியில் ஒரு சொல் எழுதினார்: ‘நாய்?’ நான் கீழே எழுதினேன்: ‘நேரில் சரிபார்க்கப்பட்டது.’ ஒன்பது நாற்பதுக்குச் சிவப்புப் பெட்டி போயிற்று.

அன்று இ-சேவை மையத்துக்குப் போய்ச் சொன்னேன். பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “பாத்துட்டேன் மேடம். காலைலேருந்து அதைத்தான் ரெஃப்ரெஷ் பண்ணிட்டிருந்தேன். இவங்கெல்லாம் என்னைத் திட்டிட்டிருக்காங்க,” என்றார். வரிசையில் முன்னால் நின்றவர், “பின்ன என்னங்க, ஒரு சாதிச் சான்றிதழுக்கு முக்கால் மணி நேரமா?” என்றார். பக்கத்தின் இணைப்பை அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கும், மாமனுக்கும், தங்கையின் பக்கத்து வீட்டில் கைபேசி வைத்திருப்பவருக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். சுகாதார நிலையத்தில் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார்.

அதற்குப் பின் ஐந்து வாரம் அந்தப் பக்கத்தை நான் தினமும் காலையில் ஒருமுறை திறந்தேன். யாரும் வரிசையை மாற்றிவிடக் கூடாது. ஒருவர் வந்து மரவள்ளியைப் பற்றி இரண்டு வரி சேர்த்தார். வேளாண்மையின் கீழ் சரியாக வைத்திருந்தார். இன்னொருவர் ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினார். நல்ல கை, நட்சத்திரக் குறியெல்லாம் பிசகாமல் இருந்தது. அதை மீளமைத்து, காரணம் எழுதும் இடத்தில் ‘வரிசை தப்பு’ என்று எழுதினேன். பிறகு அது போதாது என்று தோன்றியதால், பட்டியலுக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: ‘இது மலை ஏறும் வரிசை, மாற்ற வேண்டாம்.’

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை. மாலை நான்கரைக்கு இ-சேவை மையத்துப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. தங்கைக்குப் பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு கிராம், இருவரும் நலம். மூன்று மணிக்குத் துறையூர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆம்புலன்ஸ் எங்கும் நிற்காமல் வந்தது. நாய்கள் குரைத்தன.

கணினியைத் திறந்து பக்கத்தின் வரலாற்றைப் பார்த்தேன். விக்கியில் பயனர் கணக்கு இல்லாத ஒருவர் கைபேசியிலிருந்து ஒரு மாற்றம் செய்திருந்தார். நேரம் மாலை மூன்று மணி இருபது நிமிடம். கடைசி வரியில் ‘பாறையிலிருந்து நானூறு மீட்டர்’ என்பது ‘ஐந்நூறு மீட்டர்’ ஆகியிருந்தது.